சோலைக்கிளியும் ஓடை நீரும்

நீலகிரியிலும் பழனிமலையிலும் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் பயிரிடும் விவசாயப் பெருமக்கள் பலருடைய நிலம் சோலைக்காட்டின் ஓரத்தில் முடிகிறது. அந்தி நேரத்தில் அந்தக் காட்டோரத்தில் கருநீல நிறமுள்ள ஒரு சிறு பறவை தரையில் தத்தி வந்து, ஆள் அரவம் கேட்டதும் புதருக்குள் மறைவதைச் சிலர் கண்டிருக்கலாம். அதுவே சோலைக்கிளி.

பெயரில் கிளி இருப்பினும் இது கிளியன்று. ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. (மலையாளத்தில் சிறு பறவைகளைப் பொதுவாகக் கிளி என்பர்.) நீளம் சுமார் 15 செ.மீ. நீலகிரிச் சோலைக்கிளிக்கு விலாப்புறம் செம்பழுப்பாக இருக்கும். பழனிமலை, ஆனைமலைப் பகுதிகளில் உள்ளதற்கு அந்தச் செம்மை இல்லை, வயிறு வெண்மையானது. 2017-ஆம் ஆண்டில் அறிவியலார் இவற்றுக்கெனத் தனிப் பேரினம் வகுத்தபோது, 'சோலை' என்னும் நம் சொல்லையே அதன் பெயரில் சேர்த்து 'சோலிகோலா' என்றனர்.

இவ்விரு இனங்களுக்கும் இடையே இருப்பது பாலக்காட்டுக் கணவாய். அதன் அகலம் சுமார் 30 கி.மீ. தான். இறக்கையுள்ள பறவைக்கு இது ஒரு தூரமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் சோலைக்கிளி குளிர்ந்த, ஈரமான, இருண்ட காட்டுத் தரையை விட்டு அகலாத பறவை. மட்கும் இலைச்சருகைக் கிளறிப் பூச்சி, புழுக்களைத் தின்னும். வெப்பமான தாழ்நிலத்தைக் கடந்து குடிபெயர்வதில்லை. ஆகவே இரு பக்கத்துப் பறவைகளும் பல இலட்சம் ஆண்டுகளாகத் தனித்தனியே வாழ்ந்து வந்துள்ளன. கணவாய் பெரிது, ஆனால் ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் நடுவே நாம் திருத்திய வெட்டவெளியும் இதற்குத் தடையே.

இப்பறவை உங்கள் தோட்டத்துப் புழுக்களையெல்லாம் தின்று தீர்த்துவிடும் என்று நாங்கள் ஆசை காட்டப் போவதில்லை. அதற்கு வேண்டியதும் உங்களுக்கு வேண்டியதும் ஒன்றே என்பதுதான் செய்தி. சோலையின் சருகுப் படுகை மழைநீரைத் தரைக்குள் இறங்கவிட்டு, மழை நின்ற பின்னும் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகிறது. காட்டோரப் புதர்களை வெட்டினால் வெயில் உள்ளே புகும், சருகு காயும், சோலைக்கிளிக்கு இரை குறையும். கோடையில் ஓடையை நம்பிப் பாய்ச்சுபவருக்கும் அது நட்டமே.

செய்ய வேண்டியவை

பீன்ஸ் கொடிக்குக் கொம்பு வேண்டுமென்றால் சோலை ஓரத்தில் கை வைக்காதீர்கள். சொந்த நிலத்துச் சீகை மரக் கிளைகளே போதும். ஓடைக்கரைப் புதர் உங்கள் பட்டா நிலத்தில் இருந்தாலும், வரப்பு வரை திருத்தாமல் நாலைந்து பாகம் அகலத்துக்கு விட்டுவையுங்கள். இரண்டு சோலைகளை அந்தப் புதர்வரிசை இணைக்குமானால் இன்னும் நல்லது. மருந்து தெளிப்பானை ஓடையில் கழுவ வேண்டாம்.

சோலைக்கிளி மரப்பொந்திலும் மண்கரைப் பொந்திலும் பாசி, வேர்களைக் கொண்டு கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். அதன் இனிய சீழ்க்கைப் பாட்டும் அப்பருவத்தில்தான் மிகுதியாகக் கேட்கும். ஆகவே காட்டை ஒட்டிய மண்கரையைச் செதுக்கும் வேலை இருந்தால், ஏப்ரல் முதல் ஜூன் வரை அதைத் தள்ளிவையுங்கள்.