தடித்த சோல் போதுமா? டொராண்டோ ஐஸில் வழுக்காமல் நடப்பது எப்படி?

பெங்களூருவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அதுவும் 1884 ஜனவரி 13 அன்று. தண்ணீர் உறையும் அளவுக்கு இந்த ஊர் குளிர்ந்ததாகப் பதிவே இல்லை. அதனால் இங்கே ஷூ வாங்கும்போது விலையைப் பார்ப்போம், மழைக்குத் தாங்குமா என்று கேட்போம். ஐஸில் பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் ஜனவரியில் டொராண்டோவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கக் கிளம்பும் அப்பா, அம்மாவுக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். அறுபதைத் தாண்டிய பிறகு ஒருமுறை விழுந்தாலே மணிக்கட்டோ இடுப்பெலும்போ முறியலாம்.

ஐஸ் ஏன் வழுக்குகிறது?

ஐஸின் மேற்பரப்பில் நீர் போன்ற மிக மெல்லிய படலம் இருக்கிறது. குளிர் குறையக் குறைய அது தடிமனாகும். எனவே மைனஸ் 20 டிகிரியைவிட, 0 டிகிரியை ஒட்டி ஐஸ் லேசாக உருகும் நாளில்தான் ஆபத்து அதிகம். "இன்னைக்கு குளிர் கம்மிதானே" என்று நாம் அலட்சியமாக இறங்குவதும் அன்றைக்குத்தான்.

எந்த ஷூ பிடிக்கும்?

டொராண்டோ மறுவாழ்வு நிறுவனத்தில் இதற்கென்றே ஒரு ஆய்வகம் இருக்கிறது. தரை முழுக்க ஐஸ். விழாமல் இருக்க பாதுகாப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஆட்கள் நடப்பார்கள். தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார்கள். 7 டிகிரி சாய்விலும் வழுக்காவிட்டால் அந்த பூட்ஸ் பாஸ். 2016-ல் வெளியான முடிவில், சோதித்த 98 பூட்ஸ்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ஃபெயில். இத்தனைக்கும் எல்லாமே குளிர்கால பூட்ஸ்!

காரணம் என்ன? ஆழமான பள்ளங்கள் உள்ள சோல், மண்ணிலும் புதுப் பனியிலும் பிடிக்கும். வழவழப்பான ஐஸில் அந்தப் பள்ளம் பதிய இடமில்லை. அங்கே சோல் எந்தப் பொருளால் ஆனது என்பதுதான் கணக்கு. குளிரில் இறுகிப்போகும் பிளாஸ்டிக் சோல் வழுக்கும். சொரசொரப்பான துகள்களோ இழைகளோ கலந்த ரப்பர் சோல்கள்தான் அந்தச் சோதனையில் தேறின. ஆகவே பூட்ஸை இங்கிருந்து சுமந்து போவதைவிட, அங்கே இறங்கியதும் சோதனை முடிவைப் பார்த்து வாங்குவது நல்லது.

உடனே வாங்க முடியாவிட்டால்?

ஷூவின் அடியில் மாட்டும் ஆணிப்பட்டை கிடைக்கும். ஆனால் கடைக்குள், டைல்ஸ் தரையில் அதுவே வழுக்கிவிடும், வாசலிலேயே கழற்றிவிடுங்கள்.

அவசரத்துக்கு ஷூவுக்கு மேலே பழைய சாக்ஸ் மாட்டலாம். சிரிக்காதீங்க! நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, வழுக்கல் குறைவதாகக் கண்டார்கள். 2010-ல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது.

நடையையும் மாற்றுங்கள்

எட்டி நடக்கும்போது குதிகால்தான் முதலில் படும். அங்கேதான் சறுக்கல் தொடங்கும். அதனால் சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் பதியும்படி வையுங்கள். உடல் எடை முன்காலின் மேல் இருக்கட்டும். கைகள் பாக்கெட்டில் வேண்டாம். சுருக்கமாக, பென்குயின் நடை.

உப்பு தூவிய பாதையாகப் பார்த்து நடங்கள். ஆனால் கடும் குளிரில் உப்பு சரியாக வேலை செய்யாது. ஈரம்போல் கருப்பாக மின்னும் இடத்தில் கூடுதல் கவனம் தேவை. அது தண்ணீராக இல்லாமல், தார் சாலை தெரியும் அளவுக்கு மெல்லிய ஐஸாக இருக்கலாம்.