இணையம் ஓடுகிறது, அப்டேட் மட்டும் ஏன் வரவில்லை?

2024 ஜூலை தொடக்கத்தில் சென்டோஸ் 7 லினக்ஸ் ஓடும் சர்வர்களில் 'யம்' கட்டளையை இயக்கியவர்களுக்கு ஒரே பதில்தான் வந்தது: 'குட் நாட் ரிசால்வ் ஹோஸ்ட்: மிர்ரர்லிஸ்ட்.சென்டோஸ்.ஆர்க்'. அந்தப் பெயரில் ஒரு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். செய்தியைப் படித்தால், பெயருக்குரிய ஐபி எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ் மீதுதான் யாருக்கும் சந்தேகம் வரும். ஆனால் டிஎன்எஸ் ஒழுங்காகத்தான் இருந்தது. 2014இல் வெளிவந்த சென்டோஸ் 7இன் ஆயுள் 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட, அந்த முகவரியையே நிறுத்திவிட்டார்கள். பழுது சர்வரிலும் இல்லை, இணைப்பிலும் இல்லை.

லினக்ஸில் மென்பொருள் நிறுவும்போது வரும் பிழைகளில் பெரும்பாலானவை இப்படித்தான். 'களஞ்சியத்தை அடைய முடியவில்லை' என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் நான்கைந்து வெவ்வேறு காரணங்கள் இருக்கும். அவற்றைப் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அடியில் நடப்பது என்ன?

உபுண்டு, டெபியன் போன்றவற்றில் 'ஆப்ட்', ரெட் ஹாட் குடும்பத்தில் 'யம்' அல்லது 'டிஎன்எஃப்' என்ற மேலாளர் மென்பொருள் தொகுப்புகளைக் கவனித்துக்கொள்கிறது. எந்தக் களஞ்சியத்திலிருந்து எடுப்பது என்ற முகவரிப் பட்டியல் கணினியிலேயே ஒரு கோப்பில் இருக்கும். 'ஆப்ட் அப்டேட்' என்றதும் முதலில் அந்த முகவரியின் ஐபி எண்ணைக் கேட்டு வாங்கும், சர்வருடன் இணையும், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு உள்ளது என்று சொல்லும் அட்டவணையை இறக்கும், கடைசியாக, அது உண்மையான அட்டவணைதானா என்று டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும். இந்த நான்கு படிகளில் எது இடறினாலும் வேலை நின்றுவிடும். எந்தப் படியில் நின்றது என்பதைப் பிழைச் செய்தியே சொல்லிவிடும்.

செய்தியைப் படியுங்கள்

'டெம்பரரி ஃபெயிலியர் ரிசால்விங்' என்று வந்தால் இடறியது முதல் படி. 8.8.8.8 போன்ற ஐபி எண்ணுக்கு 'பிங்' போய்வருகிறது, பெயரைக் கொடுத்தால் மட்டும் போகவில்லை என்றால் டிஎன்எஸ் அமைப்பைத்தான் சரிசெய்ய வேண்டும். சில அலுவலகங்களில் 'பிங்'கையே தடுத்து வைத்திருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

'கனெக்டிங் டு' என்ற இடத்திலேயே நெடுநேரம் நின்றால் இரண்டாம் படியைப் பாருங்கள். அந்த வரியில் முக்காற்புள்ளிகள் நிறைந்த நீண்ட முகவரி தெரிந்தால் அது ஐபிவி6. பெயருக்கு ஐபிவி6 இருந்தும் அந்த வழியில் தரவு போகாத இணைப்புகள் உண்டு. ஐபிவி4 வழியாக மட்டும் போகும்படி ஆப்டுக்குச் சொல்லிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

பிரவுசரில் எல்லாத் தளங்களும் திறக்கின்றன, ஆப்ட் மட்டும் திணறுகிறது என்ற புகாருக்கு அலுவலகங்களில் பெரும்பாலும் ப்ராக்ஸிதான் காரணம். பிரவுசரில் கொடுத்த ப்ராக்ஸி ஆப்டுக்குத் தெரியாது. டெர்மினலில் அமைத்திருந்தாலும் 'சூடோ' போட்டதும் பல கணினிகளில் அந்த அமைப்பு கழன்றுவிடும். ஆப்டின் சொந்த அமைப்புக் கோப்பில் எழுதிவைப்பதே நிலையான வழி.

கல்லூரி, விடுதி வைஃபையில் வேறொரு சிக்கல். உள்நுழையும் வரை எதைக் கேட்டாலும் லாகின் பக்கத்தையே அனுப்பும் இணைப்புகள் அவை. ஆப்ட் அட்டவணையைக் கேட்டிருக்கும், கைக்கு வந்ததோ ஒரு வலைப்பக்கம். 'கிளியர்சைன்டு ஃபைல் இஸ்ன்ட் வேலிட்' என்று சொல்லிவிட்டு, 'இந்த நெட்வொர்க்கில் அனுமதி பெற வேண்டுமா?' என்று ஆப்டே அடைப்புக்குறிக்குள் கேட்கும். பலர் அந்த அடைப்புக்குறி வரை படிப்பதில்லை.

'நாட் வேலிட் யெட்' என்று வந்தால் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினிகள் சில ஆண்டுகள் பின்னுக்குப் போயிருக்கும். அப்போது இன்று கையொப்பமிட்ட அட்டவணை அவற்றுக்கு எதிர்காலத்தில் எழுதப்பட்டதாகத் தெரியும். தேதியைத் திருத்தினால் போதும்.

404 வந்தால்?

404 என்றால் சர்வர் கிடைத்துவிட்டது, கேட்ட கோப்புதான் அங்கே இல்லை. அட்டவணை பழையதாக இருந்தால் 'ஆப்ட் அப்டேட்' ஒருமுறை போதும். அந்த 'அப்டேட்'டே 404 தந்தால் உங்கள் பதிப்பின் ஆயுள் முடிந்திருக்கலாம். உபுண்டுவின் எல்டிஎஸ் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டு வழக்கமான ஆதரவு உண்டு. இடைப்பட்ட பதிப்புகளுக்கு ஒன்பதே மாதம். 2023 அக்டோபரில் வந்த 23.10, 2024 ஜூலையில் முடிந்துவிட்டது. கெடு முடிந்த பதிப்புகளின் கோப்புகளை அழித்துவிடுவதில்லை, வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்: உபுண்டுவுக்கு 'ஓல்டு-ரிலீசஸ்', டெபியனுக்கு 'ஆர்க்கைவ்', சென்டோஸுக்கு 'வால்ட்' என்று தொடங்கும் முகவரிகள்.

சென்டோஸ் 7இல் யம் களஞ்சியக் கோப்புகளைத் திறந்து, 'மிர்ரர்லிஸ்ட்' வரியின் முன்னால் # போட்டு முடக்குங்கள். 'பேஸ்யுஆர்எல்' வரியின் முன்னால் உள்ள #ஐ எடுத்துவிட்டு, அதில் 'மிர்ரர்' என்று தொடங்கும் முகவரியை 'வால்ட்' என்று மாற்றுங்கள். 'யம் கிளீன் ஆல்' கொடுத்தபின் மறுபடி முயன்றால் தொகுப்புகள் இறங்கும்.

செய்யக் கூடாதது

கையொப்பப் பிழை வந்தால், சரிபார்ப்பையே அணைத்துவிடும் குறுக்குவழி ஒன்று எளிதில் கிடைக்கும். அதைத் தொடாதீர்கள். ஆப்ட் நெடுங்காலமாகச் சாதாரண எச்டிடிபி வழியாகவே கோப்புகளை இறக்கிவருகிறது. நடுவில் யாரும் மாற்றிவிடவில்லை என்பதற்கு அந்தக் கையொப்பமே காவல். காவலை எடுத்துவிட்டு ரூட் அதிகாரத்தில் மென்பொருள் நிறுவுவது, யார் எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வதற்குச் சமம். வெளியார் களஞ்சியம் ஒன்று மட்டும் தகராறு செய்தால் அதை முடக்கிவிட்டு மற்றவற்றைத் தொடருங்கள்.

ஒரு எச்சரிக்கை இன்னும் உண்டு. 'வால்ட்' முகவரிக்கு மாற்றியதும் பிழை மறைந்துவிடும், ஆபத்து மறையாது. அங்கே இருப்பவை பழைய கோப்புகள். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு அடைப்பு எதுவும் அங்கே வராது. தேவையான சில தொகுப்புகளை எடுத்துக்கொண்டு ராக்கி லினக்ஸ், ஆல்மா லினக்ஸ் போன்றவற்றுக்கு மாறும் வரைதான் அது உதவும். உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு கணினியிலும் எந்தப் பதிப்பு ஓடுகிறது, அதன் ஆதரவு எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றே எழுதிவையுங்கள். பிழைச் செய்தி வந்து அதைச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.