கணினிக் கூட்டத்துக்கு விதி வகுத்தல்



இயந்திரம் என்று ஒன்று உளதாயின் அஃது ஒரு நாள் நின்றே தீரும். மின்வலு தரும் பகுதி எரிந்துபோகலாம், வன்தட்டுத் தேயலாம், உள்ளே சுழலும் விசிறி நின்று வெப்பம் ஏறலாம், ஒன்றுமில்லையாயினும், துப்புரவு செய்யப் புகுந்தவர் காலிலே கம்பி தடக்கிக் கழன்றுவிடலாம். வங்கிக் கணக்குகளையும் வைத்தியசாலைப் பதிவேடுகளையும் தாங்கி நிற்கும் சேவையகக் கணினி அவ்வாறு நின்றுவிட்டால், வரிசையிலே நிற்கும் மக்களுக்கு நாம் என்ன விடை கூறுவது? இதற்கு யாவர்க்கும் முதலில் தோன்றும் பரிகாரம், ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்வதே. ஒன்று வீழ்ந்தால் மற்றது ஏற்று நடத்தட்டும் என்பது எண்ணம். எண்ணம் நன்றே. ஆனால் அப்பரிகாரத்தின் வயிற்றிலிருந்தே ஒரு புதிய நோய் பிறக்கின்றது. அந்நோயையும், அதனைத் தடுக்கக் கணினிக் கூட்டத்துக்கு நாம் எழுதிவைக்கும் விதிகளையும் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

முதற்கண் ஓர் அளவை. ஒரு சேவை ஆண்டு முழுவதிலும் 99.9 வீத நேரம் நடைபெறும் என்று உறுதி கூறப்படுமாயின், கேட்பதற்கு அது பெரிதாகவே தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால், ஆண்டில் எட்டே முக்கால் மணி நேரம் அது நின்றிருக்கலாம் என்பதே பொருள். 99.99 வீதமாயின் ஏறக்குறைய 53 நிமிடம். 99.999 வீதமாயின் ஐந்தேகால் நிமிடம். ஐந்தேகால் நிமிடத்துள் ஒரு மனிதர் நித்திரை விட்டெழுந்து, உடுத்திக்கொண்டு, இயந்திர அறைக்குச் சென்று, பழுதினைக் கண்டுபிடித்துத் திருத்துதல் இயலாத காரியம். ஆதலின் தீர்மானத்தைக் கணினிகளே செய்துகொள்ளுமாறு விட்டுவிடுகின்றோம். அங்கேதான் விதிகள் வேண்டப்படுகின்றன.

இம்முயற்சி புதிதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற ரண்டெம் என்னும் கம்பனி, நில்லாது ஓடும் கணினிகளைச் செய்வதையே தன் தொழிலாகக் கொண்டு, 1976 இல் முதலாவதை ஒரு வங்கிக்கு விற்றது. 1983 ஆம் ஆண்டில் டிஜிற்றல் கம்பனியார் தம் வக்ஸ் கணினிகள் பலவற்றை ஒரு கூட்டமாகப் பிணைக்கும் முறையை வெளியிட்டனர். அக்கூட்டத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் வாக்கு உண்டு. எத்தனை வாக்குகள் எதிர்பார்க்கப்படுகின்றன என்பதும் முன்னரே எழுதப்பட்டிருக்கும். இன்று லினக்ஸ் கணினிகளிற் பெருவழக்காயுள்ள கொறோசிங்க், பேஸ்மேக்கர் என்னும் இரு மென்பொருள்களும் அக்கருத்தின் வழிவந்தனவே. முன்னையது உறுப்புக் கணினிகளிடையே பேச்சு நடத்துவது. பின்னையது எச்சேவையை எக்கணினியில் நடத்துவது என்று முடிவு செய்வது. இனி நான் கூறும் உதாரணங்களை இவ்விரண்டிலிருந்தே எடுத்துக்கொள்கின்றேன்.

ஒரு கணினி உயிரோடிருக்கின்றதா என்பதை மற்றது எவ்வாறு அறியும்? கொறோசிங்கிலே ஒரு சீட்டு உறுப்புக்களிடையே வட்டமாகக் கைமாறிக்கொண்டேயிருக்கின்றது. ஒற்றைத் தண்டவாளப் பாதையிலே புகைவண்டிச் சாரதிக்கு வளையத்தில் மாட்டிக் கொடுக்கும் அநுமதித் தகட்டை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள், ஏறக்குறைய அதுபோன்றது. குறித்த நேரத்துள் சீட்டு திரும்பி வாராதாயின், எங்கோ ஒருவர் விழுந்துவிட்டார் என்று கொள்ளப்படும். அந்நேரமே நாம் வகுக்கும் முதல் விதி. இன்றைய பதிப்பிலே, நாம் ஒன்றும் எழுதாவிட்டால் அது 3000 மில்லிசெக்கன், அஃதாவது மூன்று செக்கன். இரண்டுக்கு மேற்பட்ட ஒவ்வோர் உறுப்புக்கும் 650 மில்லிசெக்கன் கூடும். எனவே மூன்று கணினிகள் உள்ள கூட்டத்தில் 3650 மில்லிசெக்கன். பின்னர் எஞ்சியோர் கூடி, யார் யார் உள்ளோம் என்று உடன்படுவதற்கு அதனின் 1.2 மடங்கு நேரம் விடப்படுகின்றது. இரண்டையும் கூட்டினால், ஓர் உறுப்பின் மறைவு முறைப்படி உறுதியாவதற்கு ஏறக்குறைய எட்டுச் செக்கன் வரை செல்லலாம்.

இதனைக் குறைத்தால் என்ன என்று ஆவல் கொள்வோர் பலர். அரைச் செக்கனாக்கினால் மாற்றம் விரைவாக நிகழுமன்றோ? நிகழும், வேண்டாத வேளையிலும் நிகழும். பாரமான வேலையொன்றில் மூழ்கி ஒரு கணம் வாய்திறவாதிருந்த கணினியையும், வலையமைப்பு ஆளி ஒன்று மீளத் தொடங்கிய இடைவேளையிற் பேச இயலாதிருந்த கணினியையும் இறந்தவையென்று தீர்த்துவிடும். பொய்யான மரண அறிவித்தல் மெய்யான மரணத்திலும் கூடிய தீங்கு செய்வது என்பதை மறத்தலாகாது. என் கருத்தில், உறுப்புக்களிடையே வேறு வேறு ஆளிகளின் வழியாக இரண்டு பாதைகள் அமைத்துவிட்டு, நேரத்தைத் தந்தபடியே விட்டுவைப்பது பெரும்பாலான இடங்களுக்குப் போதுமானது.

இப்பொழுது நோய்க்கு வருவோம். இரண்டு கணினிகளும் நலமாகவே இருக்கின்றன. இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, இரண்டாவது இறந்தது என்று கருதும். இரண்டாவதும் முதலாவதைப் பற்றி அவ்வாறே கருதும். இரண்டும் தாமே தலைமை என்று கொண்டு ஒரே தரவுத் தட்டில் எழுதத் தொடங்கும். சில செக்கன்களில் வன்தட்டின் கோப்பு ஒழுங்கு சிதைந்து, ஆண்டுக்கணக்கிற் சேர்த்த பதிவுகள் வாசிக்க முடியாதனவாகலாம். தட்டு வேறு வேறாயிருந்தாலும் துன்பம் குறைவதில்லை. ஒரே கணக்கிலிருந்து இரண்டு இடங்களிற் பணம் எடுக்கப்பட்டிருக்கும், எது மெய்யான மீதி என்று கூறுவாரில்லை. இதனைப் பிளந்த மூளை என்பர் இத்துறையினர். நின்றுபோன சேவையை மீண்டும் தொடக்கலாம். பிளந்த பதிவுகளை மீண்டும் ஒன்றாக்குதல் சில வேளைகளில் இயலாமற்போம். ஓயாச் சேவை வேண்டிக் கூட்டம் அமைத்தவர், ஒற்றைக் கணினியோடு இருந்தவரிலும் கேடான நிலையை அடைவது இவ்விடத்திலேதான்.

பரிகாரத்தின் முதற்பகுதி பெரும்பான்மை விதி. சங்கக் கூட்டங்களிற் கோரம் என்று வழங்குகின்றோமே, அதனைப் போன்றது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சங்கத்தின் கோரம் மொத்த அங்கத்தவரிற் பாதிக்குக் குறைவாயும் இருக்கலாம். கணினிக் கூட்டத்தில் அது பாதிக்கு மேலாயிருத்தல் வேண்டும். ஏனெனில், கூட்டம் எவ்வாறு பிளந்தாலும் இரண்டு துண்டுகளுக்கும் ஒரே வேளையிற் பாதிக்கு மேல் வாக்கு இருத்தல் இயலாது. மூன்று உறுப்பாயின் இரண்டு, ஐந்தாயின் மூன்று. நான்காயினும் மூன்றே வேண்டும். ஆகவே மூன்றோடு நான்காவதைச் சேர்த்தவர் கூடுதலான ஒரு வீழ்ச்சியையும் தாங்கும் வலுவைப் பெற்றவரல்லர். பெரும்பான்மை இழந்த துண்டு என்ன செய்தல் வேண்டும் என்பதையும் விதியிற் குறிக்கலாம். பேஸ்மேக்கரில் ஒன்றும் எழுதாவிட்டால், தன் சேவைகளையெல்லாம் நிறுத்திவிடும். அதனை "புறக்கணி" என்று மாற்றி எழுதுவோரும் உளர். அவர்கள் கோரம் இல்லாமலே தீர்மானம் நிறைவேற்றும் செயலாளரை ஒப்பர்.

இரண்டே கணினிகள் உள்ளவர் என் செய்வது? இரண்டிற் பெரும்பான்மை இரண்டே. ஒன்று வீழ்ந்தால் மற்றதும் நிற்கவேண்டி வரும். இதற்கென ஒரு விசேஷ விதி உண்டு. அதனை எழுதினால் ஒற்றைக் கணினியும் தொடர்ந்து நடத்தலாம். கூடவே, கூட்டம் முதன்முதல் தொடங்கும்போது இருவரும் ஒருமுறை ஒருவரையொருவர் கண்டாலன்றித் தொடங்கலாகாது என்னும் விதியும் தானாகவே சேர்ந்துகொள்ளும். இதனினும் சிறந்த வழி, மூன்றாவது இடமொன்றில் ஒரு சிறு கணினியை வாக்களிக்க மட்டும் வைப்பது. அதற்குப் பெரிய வலு வேண்டுவதில்லை, நடுவராயிருந்தாற் போதும். ஆனால் அந்நடுவரை முதலாவது கணினி நிற்கும் அறையிலேயே, அதே மின்னிணைப்பில் வைத்துவிட்டுத் திருப்தியடைவதிற் பொருளில்லை.

பரிகாரத்தின் இரண்டாம் பகுதி வேலியிடல் எனப்படும். பேச்சற்றுப்போன கணினி உண்மையில் இறந்ததா, மயங்கிக் கிடக்கின்றதா என்று நாம் அறியோம். மயங்கியதாயின் திடீரென விழித்து, தான் விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கலாம். ஆதலின், அதன் பொறுப்பை ஏற்குமுன் அதன் மின்சாரத்தை நிறுத்திவிடுவதே உறுதியான வழி. மற்றக் கணினியின் தலையிற் சுடு என்னும் பொருள்பட, ஆங்கில முதலெழுத்துக்களைக் கோத்து ஸ்ரொனித் என்று இதற்குப் பெயரிட்டனர். கடுமையான நகைச்சுவைதான், எனினும் செயலின் தன்மையை அப்பெயர் சரியாகவே உணர்த்துகின்றது. சுடப்பட்டது என்று உறுதிச்சொல் வந்தாலன்றிக் கூட்டம் சேவையை மாற்றாது. உறுதி கிடைக்காதவிடத்துக் காத்தே நிற்கும். இக்காத்திருப்பைப் பழுதென்று எண்ணி, வேலியிடும் விதியையே அணைத்துவிடுவது சிலரின் வழக்கம். கூட்டம் அமைப்பவர் செய்யும் பிழைகளில் இதனை நான் முதலாவதாக வைப்பேன். அணைத்த அன்று எல்லாம் அழகாக வேலை செய்யும். கம்பி அறுந்த அன்றே விலை தெரியவரும்.

வேலிக்கு எக்கருவி என்பதிலும் கவனம் வேண்டும். இன்றைய சேவையகங்களின் உள்ளே, தூரத்திலிருந்து மின்னை நிறுத்த உதவும் சிறு பலகையொன்று அமைந்திருக்கின்றது. அதற்கு மின் வருவது அதே கணினியிலிருந்து. கணினிக்கு வரும் மின் முழுவதும் அற்றுப்போனால் பலகையும் ஊமையாகும். இறந்தது மெய்யாயிருந்தும் உறுதிச்சொல் வாராது. ஆகவே இரண்டாவது படியாக, மின்செருகிகளையே நிறுத்தவல்ல பங்கீட்டுப் பலகையொன்றையும் குறித்துவைத்தல் நன்று. கணினிக்கு இரட்டை மின்வழி இருக்குமாயின் இரண்டையும் நிறுத்துமாறு எழுதவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்க. இன்னுமொன்று: இரு கணினிகளும் ஒரே கணத்தில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டால் இரண்டும் வீழும். அதனைத் தவிர்க்க, ஒன்றைச் சுடுவதற்குமுன் சில செக்கன் தாமதம் குறிக்கப்படும். தாமதம் யாருக்காகக் குறிக்கப்பட்டதோ அவரே பிழைப்பார்.

இவ்விதிகள் யாவும் ஒழுங்காக நடைபெற்றும் இடர் நேரலாமா? நேர்ந்ததொரு நிகழ்ச்சி யாவரும் அறியப் பதிவாகியுள்ளது. உலகெங்குமுள்ள மென்பொருள் வல்லுநர் தம் ஆக்கங்களைச் சேமித்துவைக்கும் கிற்ஹப் நிறுவனத்தார், 2018 ஒக்ரோபர் 21 ஆம் நாள் அமெரிக்கக் கிழக்குக் கரையிலே பழுதாகிவந்த ஒளியிழைக் கருவியொன்றை மாற்றினர். அவ்வேலையில் வலையமைப்பு 43 செக்கன் அறுந்தது. 43 செக்கன் மட்டுமே. அதற்குள், தரவுத்தளங்களைக் கண்காணித்த மென்பொருள், பெரும்பான்மை வாக்கு முறைப்படி கிடைத்ததனால், தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. கிழக்கிலே கடைசியாக எழுதப்பட்ட சில பதிவுகளோ மேற்குக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இணைப்பு மீண்டபோது, இரு கரைகளிலும் மற்றதில் இல்லாத பதிவுகள் இருந்தன. கிழக்கிலுள்ள நிரல்கள், ஒவ்வொரு பதிவுக்கும் கண்டத்தைக் கடந்து சென்று மீளவேண்டியதாகித் திணறின. பின்னோக்கிச் சென்றால் மேற்கில் அரைமணி நேரத்துக்கு மேலாக எழுதப்பட்டவை அழியும். நிறுவனத்தார் பதிவுகளைக் காப்பதே முதன்மையெனத் துணிந்து, சேவையின் சில பகுதிகளைத் தாமே நிறுத்தி, காப்புப் பிரதிகளிலிருந்து தரவை மீட்டனர். சேவை முற்றாகச் சீரடைய 24 மணி 11 நிமிடம் சென்றது. தங்கள் மென்பொருள் தனக்கு விதித்தவாறே நடந்தது என்பதை அவர்களே தம் அறிக்கையில் ஒப்புக்கொண்டனர். அதன்பின் அவர்கள் முதலிற் செய்த திருத்தங்களுள் ஒன்று, பிராந்திய எல்லையைத் தாண்டித் தலைமையை மாற்றலாகாது என்று விதியில் எழுதியது.

இந்நிகழ்ச்சியிலிருந்து, எங்கே மாறலாம் என்பதோடு எங்கே மாறலாகாது என்பதையும் எழுதவேண்டும் என அறிகின்றோம். தரவு இரு கரைகளிலும் எழுதப்பட்டபின்னரே "எழுதினேன்" என்று கூறும் முறையாயின் இழப்பு நேராது; ஆனால் ஒவ்வோர் எழுத்தும் தாமதிக்கும். முன்னதாகவே கூறும் முறையாயின் விரைவு உண்டு. கடைசிச் சில செக்கன்களின் பதிவு ஆபத்துக்குள்ளாகும். வங்கிக்கு எது, செய்திப் பக்கத்துக்கு எது என்று தீர்ப்பது பொறியியலாளரின் வேலை மட்டுமன்று. அப்பதிவுக்கு உடையவரையும் கேட்டே தீர்த்தல் வேண்டும்.

எஞ்சிய விதிகள் சிறியன. வீழ்ந்த கணினி திருந்தி வந்ததும் சேவை உடனே அதனிடம் திரும்பிச் செல்லுமாயின், ஒரு வீழ்ச்சிக்கு இரண்டு தடங்கல் ஏற்படும். இருந்த இடத்திலேயே ஒட்டியிருக்குமாறு ஓர் எண்ணைக் குறித்தால் அது தவிரும். ஓரிடத்தில் எத்தனை முறை தவறினால் வேறிடம் செல்வது என்பதற்கும் எண் உண்டு. மூன்று என்று வைப்பது நடைமுறைக்கு ஏற்றது. அத்தவறுகளின் கணக்கு எப்பொழுது மறக்கப்படவேண்டும் என்பதையும் குறிக்காவிடின், மாதங்களுக்கு முன் நேர்ந்த தவறும் இன்றைய கணக்கிற் சேர்ந்துகொள்ளும்.

எல்லாம் எழுதியபின் சோதனை. கணினியை ஒழுங்காக நிறுத்திப் பார்ப்பது சோதனையாகாது. அது தான் போவதாக மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டே போகின்றது. உண்மையிலேயே மின்கம்பியைப் பிடுங்கவேண்டும். பின்னர் வலையமைப்புக் கம்பியை மட்டும் பிடுங்கவேண்டும். இரண்டும் வேறு வேறு நோய்கள். பயன்படுத்துவோர் குறைந்த ஓர் இரவிலே, காப்புப் பிரதி எடுத்தபின், கையில் மணிக்கூட்டோடு இதனைச் செய்க. சீட்டு தொலைந்த நேரம், சுட்ட நேரம், சேவை மறுபக்கத்தில் எழுந்து முதல் வாடிக்கையாளருக்கு விடை கூறிய நேரம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்க. தரவுத்தளம் பெரிதாயின், கண்டறிதலுக்குச் சென்ற எட்டுச் செக்கனிலும், அது எழுந்து தன் பதிவேட்டைச் சரிபார்க்கும் நேரமே பன்மடங்கு கூடியதாயிருக்கக் காண்பீர்கள். ஒரு மாற்றத்துக்கு இரண்டு நிமிடம் சென்றதாயின், ஆண்டுக்கு ஐந்தேகால் நிமிடம் என்று வாக்களித்தவருக்கு இரண்டு மாற்றங்களுக்கே இடமுண்டு, மூன்றாவதுக்கு இல்லை. அந்த எண்ணை மேலதிகாரிகளிடம் எழுத்திற் கொடுத்துவிடுவது நல்லது.