ஐந்தாம் தரத்தோடு முடிந்துவிடும் அக்கறை

புலமைப் பரிசில் பரீட்சை நடைபெறும் நாளில் நமது பாடசாலை வாசல்களில் கூடி நிற்கும் கூட்டத்தை எல்லோரும் கண்டிருப்போம். உம்மா, வாப்பா, மாமி, சாச்சி என்று குடும்பமே திரண்டு வந்து மதிலோரம் நிற்கும். அதற்கு முந்திய இரண்டு வருடங்களும் அந்த வீட்டில் மாதிரி வினாத்தாள், பிரத்தியேக வகுப்பு, வெட்டுப்புள்ளி என்பவற்றைத் தவிர வேறு பேச்சு இருந்திருக்காது. கலியாண வீட்டுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த தாய்மாரை நானறிவேன்.

பரீட்சை முடிகிறது, பெறுபேறும் வருகிறது. சித்தியடைந்தால் ஊரெல்லாம் இனிப்புப் பகிரப்படுகிறது. இல்லாவிட்டால் ஒரு கிழமைக்கு வீடு சோகத்தில் மூழ்குகிறது. அடுத்த வருடம் பிள்ளை ஆறாம் தரத்துக்குப் போகிறது. “இனி அவன் பெரிய பிள்ளைதானே, அவனே படிச்சுக்கொள்வான்” என்று நாம் கையை எடுத்துவிடுகிறோம்.

சகோதரிகளே! உங்கள் மகன் இப்போது எட்டாம் தரத்தில் படிக்கிறான் என்றால், அவனுடைய வகுப்பாசிரியரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவனுக்கு விஞ்ஞானம் படிப்பிப்பவர் யார்? சென்ற தவணையில் அவன் எத்தனை நாட்கள் பாடசாலைக்குச் செல்லவில்லை? இவற்றுக்கு உடனே விடை சொல்லக்கூடிய பெற்றோர் நம்மில் மிகச் சிலரே. ஐந்தாம் தரத்தில் இருந்த அக்கறை அதற்குப் பின்னர் எங்கே போனது என்பதைத்தான் நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

கை நழுவும் இடம்

ஆரம்பப் பிரிவில் ஒரு பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரே வகுப்பாசிரியர்தான். தாய்க்கு அவரைத் தெரியும். கடைத்தெருவில் கண்டாலும் நின்று கதைப்பார். ஆறாம் தரத்தில் இந்நிலைமை மாறிவிடுகிறது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். மணி அடித்ததும் ஒருவர் போக மற்றவர் நுழைகிறார். பல வகுப்புகளுக்குப் போய்வரும் ஒரு கணித ஆசிரியருக்கு உங்கள் மகனின் முகம் தெரிந்திருக்கும். ஆனால் அவனுக்கு எது விளங்காமல் கிடக்கிறது என்று தெரிய நாள் செல்லும். பாடசாலையின் கண் இவ்வாறு சற்று விலகும் அதே வருடத்தில்தான் வீட்டின் கண்ணும் விலகிவிடுகிறது. பிள்ளை இரண்டுக்கும் நடுவில் தனியாக நிற்கிறது.

இதன் விளைவு உடனே தெரிவதில்லை என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. கணிதம் படிக்கட்டைப் போன்றது. கீழ் வகுப்புகளில் பின்னத்தையும் திசைகொண்ட எண்களையும் விளங்காமல் தாண்டி வந்த பிள்ளை, ஒன்பதாம் தரத்தில் சமன்பாட்டில் தடுக்கி விழுகிறது. “எனக்குக் கணக்கு ஓடாது” என்று தானே ஒரு முடிவுக்கும் வந்துவிடுகிறது. சாதாரண தரப் பரீட்சையிலோ கணிதம் எல்லோருக்கும் கட்டாயப் பாடம். “சேர், இவனை எப்படியாவது கணக்குல பாஸ் பண்ண வைக்கணும்” என்று பதினோராம் தரத்தில் ஓடிவரும் பெற்றோரை ஒவ்வொரு வருடமும் காண்கிறோம். நான்கு வருடத்துப் பாக்கியை நான்கு மாதத்தில் தீர்த்துத் தரும்படிதான் அவர்கள் கேட்கிறார்கள். எந்த ஆசிரியரால் அது முடியும்?

“எனக்குப் படிப்பில்லையே!”

இதைச் சொன்னால் தாய்மார் பலரும் கூறும் பதில் ஒன்றுண்டு. “நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இப்போதுள்ள பாடம் எனக்கு எங்கே விளங்கும்?” என்பார்கள். இந்தக் கவலை நியாயமானதுதான். ஆயினும், பிள்ளையின் படிப்பில் பங்குகொள்வதென்றால் பாடம் சொல்லிக் கொடுப்பது என்று நினைப்பதில்தான் தவறு இருக்கிறது.

2009ஆம் ஆண்டில் நான்சி ஹில், டயானா டைசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இடைநிலை வகுப்புப் பிள்ளைகளின் படிப்பில் பெற்றோருக்குள்ள பங்கைப் பற்றி அதற்கு முன் செய்யப்பட்ட 50 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வீட்டுவேலையைக் கூட இருந்து செய்துகொடுப்பதற்கும் நல்ல பெறுபேற்றுக்கும் இடையில் அவர்கள் நல்ல தொடர்பைக் காணவில்லை. படிப்பு ஏன் வேண்டும் என்று பிள்ளையோடு பேசுவது, அதனுடைய எதிர்கால விருப்பத்தோடு இன்றைய பாடத்தைப் பொருத்திக் காட்டுவது, எப்படிப் படிக்கலாம் என்று சேர்ந்து திட்டமிடுவது ஆகியவற்றுக்கே பெறுபேற்றோடு கூடிய தொடர்பு காணப்பட்டது. இவற்றுக்குப் பட்டமும் சான்றிதழும் தேவையில்லை. பிள்ளையோடு பேசத் தெரிந்தால் போதும்.

அல்குர்ஆன் நமக்குக் காட்டும் தந்தையரும் இத்தகையவர்களே. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனை அன்போடு அழைத்து, அருகில் வைத்துப் புத்தி சொல்கிறார்கள். யூஸுப் (அலை) அவர்கள் சிறு வயதில் கண்ட கனவைத் தம் தந்தை யஃகூப் (அலை) அவர்களிடமே வந்து சொல்கிறார்கள். தந்தை அதைக் கேலி செய்யாமல் கேட்டு, வழியும் காட்டுகிறார்கள். மனதில் பட்டதை முதலில் வாப்பாவிடம் போய்ச் சொல்லலாம் என்ற நம்பிக்கை அந்தப் பிள்ளைக்கு இருந்ததை நாம் கவனிக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்த நம்பிக்கை இருக்கிறதா?

கொப்பியைத் திறந்து பாருங்கள்

“மகன், இண்டைக்கு ஸ்கூல்ல என்ன படிச்ச?” என்று கேட்டால், “ஒண்டுமில்ல உம்மா” என்ற பதில்தான் வரும். கேள்வியைச் சற்று மாற்றிக் கேளுங்கள். “இண்டைக்கு எந்தப் பாடம் விளங்கல்ல? எந்த சேர் வரல்ல? விஞ்ஞானத்துல படிச்சத எனக்கும் கொஞ்சம் சொல்லித் தா பாப்பம்” என்று கேளுங்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கலாம். சட்டைக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டே கேட்கலாம். உம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளை, தான் படித்ததை இரண்டாம் முறை படிக்கிறது. சொல்ல முடியாமல் தடுமாறும் இடத்தில்தான் அதற்கு விளங்கவில்லை என்பதை அதுவும் அறியும், நீங்களும் அறிவீர்கள்.

கிழமைக்கு ஒரு நாள், உதாரணமாக வெள்ளி இரவு, கொப்பிகளை எடுத்துப் பாருங்கள். பாடம் விளங்காவிட்டாலும் பல விடயங்கள் கண்ணுக்குத் தெரியும். திகதிகள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா? பாதியில் நின்றுபோன பக்கங்கள் எத்தனை? பிழை என்று சிவப்பு மையால் குறித்ததைப் பிள்ளை திருத்தி எழுதியிருக்கிறதா? ஒரு பாடக் கொப்பி மட்டும் பல நாட்களாக வெறுமையாக இருந்தால், அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் வருவதில்லையா, பிள்ளை எழுதுவதில்லையா என்று விசாரிக்க வேண்டும். நேரசூசியின் பிரதி ஒன்றைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். நாளைக்கு என்ன பாடம் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

தேர்ச்சி அறிக்கை வந்ததும் எத்தனையாம் பிள்ளை என்றுதான் முதலில் பார்க்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், அதே பிள்ளையின் சென்ற தவணைப் புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 35 எடுத்த பாடத்தில் இம்முறை 48 எடுத்திருந்தால் அது பாராட்டத்தக்க முன்னேற்றம். 80 எடுத்தது 60 ஆக இறங்கியிருந்தால் ஏசுவதற்கு முன்னர் காரணத்தைக் கேளுங்கள். வரவு நாட்களையும் தவறாமல் பாருங்கள். வீட்டிலிருந்து புறப்பட்ட பிள்ளை பாடசாலைக்குப் போய்ச் சேராத நாட்களும் அதில் வெளியாகும்.

பாடசாலைக்குப் போகும்போது

முறைப்பாடு இருந்தால் மட்டுமே பாடசாலைக்குப் போவதென்ற வழக்கத்தை நாம் விட வேண்டும். தவணைக்கு ஒரு முறையாவது, முன்கூட்டியே அறிவித்துவிட்டு வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். நான் படிப்பித்த ஒரு மாணவனின் தாயார் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். தையல் வேலை செய்து நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். ஒவ்வொரு தவணையும் சிறிய கொப்பி ஒன்றோடு வருவார். “சேர், இவன் எதுல பின்னால நிக்கிறான்? நான் வீட்டுல என்ன செய்யணும்? திரும்பி எப்ப வரணும்?” என்று மூன்று கேள்விகளைத்தான் கேட்பார். பதிலை மகனைக் கொண்டே அந்தக் கொப்பியில் எழுதுவிப்பார். அந்தப் பிள்ளையை எந்த ஆசிரியரும் மறந்ததில்லை. கேட்டு வருவதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்றால், ஆசிரியரின் கண்ணும் அந்தப் பிள்ளையின் மேல் ஒரு தடவை கூடுதலாகப் படுகிறது. இது மனித இயல்பு.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோரும் உறுப்பினர்கள். கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் காசு கேட்பார்கள் என்று பயந்து ஒதுங்கிவிடுகிறோம். கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை, மாணவியருக்குப் போதிய கழிவறை இல்லை, வாசிகசாலை பூட்டிக் கிடக்கிறது என்பனவற்றை நாம் பேசக்கூடிய இடம் அதுவே. 1892இல் அறிஞர் சித்திலெப்பை போன்றோர் முன்னின்று தொடங்கிய பாடசாலைதான் பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. நமது கல்வி நிலையங்கள் சமூகத்தின் கையால் எழுந்தவை என்பதை மறந்து, அவற்றை அதிபரின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடுவது முறையல்ல.

ஒன்பதாம் தரம் முடியும்போது இன்னொரு முக்கியமான வேளை வருகிறது. இப்போதுள்ள முறைப்படி சாதாரண தரத்துக்குரிய 9 பாடங்களில் 3 பாடங்களைப் பிள்ளை தானே தொகுதிகளிலிருந்து தெரிவு செய்ய வேண்டும். கூட்டாளி எடுத்த பாடத்தையே தானும் எடுப்பது நமது பிள்ளைகளின் வழக்கம். தெரிவுப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஆசிரியரிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வாப்பா தூரத்தில் இருந்தால்

வாப்பா வெளிநாட்டில் இருப்பார். அல்லது தூர ஊரில் வியாபாரம் செய்து மாதத்துக்கு இரண்டு முறை வருவார். இத்தகைய குடும்பங்கள் நம்மில் ஏராளம். தொலைபேசியில் “நல்லாப் படிக்கிறியா?” “ஓம் வாப்பா” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சகோதரிகளே, இதில் உங்கள் பங்கு பெரிது. தேர்ச்சி அறிக்கையைப் படம் பிடித்து அனுப்புங்கள். “நாளைக்கு அவனுக்கு வரலாறு டெஸ்ட்” என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடுத்த நாள் “வரலாறு எப்படி, மகன்?” என்று வாப்பா கேட்டால், அவர் தூரத்தில் இல்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். அதேவேளை, பிள்ளையின் குறைகளை மாத்திரம் சேர்த்து வைத்து வாப்பாவிடம் முறையிடுவதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். ஏசுவதற்காக மட்டுமே வரும் அழைப்பைப் பிள்ளை வெறுக்கத் தொடங்கிவிடும்.

ரியூஷனும் தொலைபேசியும்

ரியூஷனுக்குக் காசு கட்டிவிட்டால் கடமை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறோம். வகுப்பில் கவனிக்காத பிள்ளை, “ரியூஷன்ல பாத்துக்கொள்ளலாம்” என்றிருக்கிறது. அங்கே இருநூறு பேருக்கு நடுவில் பின்வாங்கில் உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பாடத்துக்கு மேலதிக உதவி தேவை என்று ஆசிரியரிடம் கேட்டு, அந்தப் பாடத்துக்கு மட்டும் அனுப்புங்கள். பிள்ளை அங்கே போகிறதா என்றும் இடையிடையே பாருங்கள்.

2020இல் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, படிப்புக்காகவென்று கையடக்கத் தொலைபேசி பிள்ளையின் கைக்கு வந்தது. பாடசாலை திறந்த பின்னரும் அது கையை விட்டுப் போகவில்லை. வகுப்பு வட்ஸ்அப் குழு உம்மாவின் அல்லது வாப்பாவின் தொலைபேசியில் இருக்கட்டும். இரவில் எல்லோருடைய தொலைபேசிகளும் ஓரிடத்தில் வைக்கப்படட்டும். “எல்லோருடைய” என்பதில் நம்முடையதும் அடங்கும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் வீடு அமைதியாக இருந்தால், பிள்ளையைப் படி படி என்று விரட்ட வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும்.

கடையும் சமையலறையும்

கசப்பான ஓர் உண்மையையும் சொல்லாமல் விட முடியாது. ஒன்பதாம், பத்தாம் தரங்களில் சில ஆண் பிள்ளைகளின் இடம் வகுப்பில் வெறுமையாகிவிடுகிறது. பெருநாள் வியாபாரத்துக்கு உதவியாகக் கடையில் நின்ற பிள்ளை, கையில் காசு புழங்கியதும் திரும்பி வர விரும்புவதில்லை. 2016 முதல் நம் நாட்டில் 16 வயது வரை கட்டாயக் கல்வி விதிக்கப்பட்டிருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, கணக்கும் மொழியும் தெரியாதவன் நாளைக்கு அந்தக் கடையைத்தான் எப்படி நடத்துவான்?

பெண் பிள்ளையின் நிலை வேறு. தம்பிக்குச் சுகமில்லை என்றாலும், வீட்டில் விருந்து என்றாலும் பாடசாலைக்குப் போகாமல் நிற்பது அவள்தான். தவணைக்கு எட்டு, பத்து நாட்கள் இப்படிக் கழிந்தால் அவள் தவறவிட்ட பாடங்களை யார் தருவது? ரமழான் விடுமுறையிலும் ஆண் பிள்ளை உறங்க, அவள் அடுப்படியில் நிற்கிறாள். சுபஹுக்குப் பின் ஒரு மணித்தியாலமாவது இருவருமே பாடப் புத்தகத்தோடு இருக்கட்டும். நோன்பு திறக்கும் வேலையையும் இருவருமே பங்கிட்டுச் செய்யட்டும்.

பெரிய திட்டங்கள் எதுவும் தேவையில்லை. பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தை இடையிடையே எடுத்துப் பார்க்காதவன் அது பழுதடைந்ததை அறியமாட்டான். இன்றிரவு பிள்ளையின் புத்தகப் பையைத் திறந்து ஒரே ஒரு கொப்பியைப் பாருங்கள். நாளை இன்னொன்று. சில நாட்களில் பிள்ளை தானாகவே கொப்பியைக் கொண்டுவந்து காட்டும்.

நமது பிள்ளைகளைப் பயனுள்ள கல்வியும் நல்லொழுக்கமும் உடையவர்களாக ஆக்கி, அவர்களைக் கண்குளிர்ச்சியாக நமக்குத் தருவதற்கு வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.