எஞ்சினுக்குள் எத்தனை குதிரைகள்?

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் வெள்ளவத்தையிலுள்ள நம் இல்லத்துக்கு மகனுடன் வந்திருந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் யப்பானியச் சிறுகார் ஒன்று வாங்குவது அவர் எண்ணம். இரு விற்பனையாளர் கொடுத்த விவரத்தாள்கள் அவர் கையில் இருந்தன. கார்கள் ஒரே வகை, ஒரே ஆண்டு. ஆயினும் ஒன்றில் எஞ்சினின் வலு 47 என்றும், மற்றதில் 64 என்றும் கண்டிருந்தது. பின்னதற்கு விலையும் அதிகம்.

"பதினேழு குதிரை கூட அல்லவா, மாஸ்டர்? கடன்பட்டாவது வாங்கலாமோ?" என்றார்.

இக்கேள்விக்கு விடை கூறுமுன், இந்தக் குதிரை எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் நீராவி எந்திரத்தைத் திருத்தியமைத்த ஜேம்ஸ் வாட், தம் எந்திரம் எத்தனை குதிரைகளுக்கு ஈடாகும் என்று வாங்குவோருக்கு உணர்த்த விரும்பினார். 33,000 இறாத்தல் பாரத்தை ஒரு நிமிடத்தில் ஓரடி உயர்த்தும் வலுவே ஒரு குதிரைவலு என வகுத்தார். இன்றைய அளவில் இது ஏறக்குறைய 746 வாற்று. மெற்றிக் முறையிலோ, 75 கிலோகிராம் பாரத்தை ஒரு செக்கனில் ஒரு மீற்றர் உயர்த்துவதே குதிரைவலு, அது 735.5 வாற்று மாத்திரமே. ஆகவே குதிரையிலும் இரு சாதி உண்டு!

பிரித்தானியர் வரி விதிப்பதற்கென வேறொரு குதிரையையும் வைத்திருந்தனர். உருளையின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து வர்க்கித்து, உருளைகளின் தொகையாற் பெருக்கி, 2.5 ஆல் வகுப்பார்கள். எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டியதேயில்லை. வரியைக் குறைக்க எண்ணிய உற்பத்தியாளர், உருளைகளை ஒடுக்கமாயும் நீளமாயும் அமைத்தனர். ஒருகாலத்தில் கொழும்பு வீதிகளில் வாடகைக் காராக ஓடிய மொறிஸ் மைனரையே பாருங்கள். 1948இல் வெளிவந்த அதன் நான்கு உருளைகளின் விட்டம் 57 மில்லிமீற்றர். சூத்திரப்படி கணக்கிட்டால் 8 குதிரை. உண்மையில் அது தந்ததோ சுமார் 27!

உண்மை வலுவை அறியத் தைனமோமீற்றர் என்னும் கருவி உண்டு. ஓடும் எஞ்சினுக்குத் தடைகொடுத்து, அதன் முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் அளந்து, இரண்டையும் பெருக்கி வலுவைக் கணிப்பர். இதிலும் சூட்சுமம் உண்டு. அமெரிக்க நிறுவனங்கள் முன்னர் காற்றாடி, சைலன்சர் முதலியவற்றைக் கழற்றிவிட்டு அளந்து, பெரிய எண்களை வெளியிட்டன. 1972 அளவில் அவற்றைப் பூட்டி அளக்கத் தொடங்கியதும் எண்கள் சரிந்தன. எஞ்சின் மாறாதபோதும் எண் மாறிற்று.

நண்பரின் மகன் உயர்தர வகுப்பு மாணவன். தாள்களை உற்றுநோக்கிய அவன், "அப்பா, இதில் கிலோவாற்று என்றல்லவா இருக்கிறது!" என்றான். 47ஐ 0.7355 ஆல் வகுக்கச் சொன்னோம். விடை ஏறக்குறைய 64. இரண்டும் ஒரே வலு! நண்பர் சற்று மௌனமாயிருந்தார். பின்னர் வாய்விட்டுச் சிரித்தார். படவிருந்த கடன் தப்பிற்று.

கார் வாங்க எண்ணும் குடும்பத்தார் எண்ணை மட்டும் பார்த்தல் போதாது. அலகு யாது, எம்முறையில் அளந்தனர், எவ்வேகத்திற் கிடைத்தது என்ற மூன்றையும் கேட்டல் வேண்டும். அலகில்லா எண் கடிவாளமில்லாக் குதிரையே.