தோட்டத்து வயரை மழைக்கு முன்பே மாற்றுங்கள்!

கோடையில் நூறு டிகிரி தாண்டும் ஊர்ப் பட்டியலில் திருத்தணிக்கு அடிக்கடி இடமுண்டு. அந்த வெயிலில் வருஷக்கணக்கில் காய்ந்த பி.வி.சி. வயர், தோட்டத்து ஷெட்டுக்கு இன்னும் கரன்ட் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும், மேலுறைதான் வெடித்திருக்கும். வடகிழக்குப் பருவமழையில் நனைந்து, துணி காயப்போடும் கொடிக்கம்பியில் உரசினால்? ஈரத்துணியோடு அதில் கை வைப்பது அம்மாவோ பாட்டியோதான்.

டேப் சுற்றிச் சமாளிக்காமல், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து முழுசாக மாற்றுங்கள். புதைப்பதென்றால் ஆர்மர்டு கேபிள். ஆழம் 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி. மணல் பரப்பிச் செங்கல் அடுக்கினால், பின்னாளில் தோண்டுபவரின் மண்வெட்டி செங்கலிலேயே நின்றுவிடும். கேபிளின் இரும்புக் கவசத்துக்கு எர்த் கட்டாயம். வீட்டு போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். எம்.சி.பி. மட்டும் போதாது; ஆளைக் கொல்லும் கசிவுகூட அதற்குத் தெரியாது.

கொடிக்கம்பியை இன்றைக்கே அவிழ்த்துவிட்டு, நைலான் கயிறு கட்டுங்கள்.