கடல் கடந்து வரும் அரும்பொருளும் சுங்கத் தீர்வையும்

முன்னுரை

சுங்கம் தமிழர்க்குப் புதியதன்று. வேந்தனுக்குரிய பொருள்களை வகுத்துரைக்கும் வள்ளுவர் 'உல்கு பொருள்' என்பதனையும் அவற்றுள் ஒன்றாக வைக்கின்றார். உல்கு என்பது சுங்கமே. புகார்த் துறைமுகத்தில் கடலிலிருந்து நிலத்திற்கும் நிலத்திலிருந்து கடலுக்கும் செல்லும் பண்டங்களுக்குப் புலி முத்திரையிட்டுச் சுங்கம் கொண்ட செய்தியைப் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. பிற்காலத்தில் முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று சிறப்பிக்கப்பெற்றான். தீர்வையை நீக்கியவனுக்கே மக்கள் பட்டம் சூட்டினர் என்பதிலிருந்து, அன்றும் சுங்கம் எவர்க்கும் இனித்ததில்லை என்பது புலனாகும்.

இன்று சுங்கத்துறையோடு தொடர்பு கொள்வோர் பெருவணிகர் மட்டும் அல்லர். பழைய அஞ்சல்தலை, நாணயம், கடிதம், அரிய பதிப்பு ஆகியவற்றைத் தேடும் மாணவரும் ஆசிரியரும்கூட வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து நேரே வாங்குகின்றனர். பொருளின் விலையை அறிந்து வாங்குவோர் பலர். அது வாயிற்படி ஏறும்போது ஆகும் செலவை அறிந்து வாங்குவோர் சிலரே. அவ்வறியாமையால் நேர்ந்த ஓர் இழப்பே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஒரு நிகழ்ச்சி

நம்மிடம் பயின்ற முதுகலை மாணவர் ஒருவர் பழைய அஞ்சல் உறைகளைத் திரட்டுபவர். அவருடைய பாட்டனார் பினாங்கில் கடை வைத்திருந்தவர். அங்கிருந்து நாகப்பட்டினத்திற்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனுப்பப்பெற்ற உறை ஒன்று, உள்ளே அரபுத் தமிழில் எழுதிய கடிதத்தோடு, இங்கிலாந்தில் விலைக்கு வந்தது. விலை 85 பவுண்டு. விடுதிக் கட்டணத்திற்கென்று வைத்திருந்த தொகையோடு கடனும் சேர்த்து அதனை வாங்க முனைந்தார்.

"அன்பளிப்பு, மதிப்பு 5 பவுண்டு என்று குறித்து அனுப்பட்டுமா?" என விற்பனையாளர் கேட்டிருந்தார். மாணவர் நம்மிடம் வந்து, "ஐயா, என்ன எழுதட்டும்?" என்றார். "எல்லாரும் அப்படித்தானே செய்கின்றார்கள், எழுதச் சொல்லுங்கள்" என்றோம். அச்சொல்லை இன்று நினைப்பினும் நாணம் மேலிடுகின்றது.

பொதி தடுத்து வைக்கப்பெற்றது. விலை செலுத்தியமைக்குச் சான்று கேட்டு அறிவிப்பு வந்தது. வங்கிக் கணக்கு 85 பவுண்டு என்றது. பொதியின் மேலிருந்த சீட்டு 5 பவுண்டு என்றது. தீர்வை, தண்டம், பொருளை மீட்பதற்கான தொகை என எல்லாம் சேர்ந்து ஏறத்தாழப் பொருளின் விலையளவு ஆயின. உறை கைக்கு வந்தது. ஆனால் அப்பருவத்தின் விடுதிக் கட்டணத்தைச் செலுத்த அவர் வெளியே மாலை வேலைக்குச் செல்ல நேர்ந்தது. உண்மையை எழுதியிருந்தால் தீர்வை மட்டுமே ஆகியிருக்கும். அறிவுரை கூறிய நாம் சுங்க முறையை அறியாதிருந்தோம். அதன்பின் அறிந்தவற்றையே இங்குத் தொகுத்துரைக்கின்றோம்.

சுங்க அலுவலர் எந்நாட்டினராயினும் அவர் கேட்கும் வினாக்கள் மூன்று. இப்பொருள் யாது? இதன் மதிப்பு யாது? இது எந்நாட்டில் உருவாயிற்று? தீர்வை இம்மூன்று விடைகளிலேயே அடங்கியுள்ளது.

பொருள் யாது?

உலகச் சுங்க அமைப்பு வகுத்த பொருள் வகைப்பாடு 1988 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியாவின் 1975ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணையும் இவ்வகைப்பாட்டையே பின்பற்றுகின்றது. இதன் 97ஆம் அதிகாரம் கலைப்படைப்புகள், திரட்டுவோர்க்குரிய அரும்பொருள்கள், தொல்பொருள்கள் ஆகியவற்றுக்கு உரியது. அஞ்சல்தலையும் முதல்நாள் உறையும் 9704 என்னும் தலைப்பிலும், வரலாறு, நாணயவியல் முதலிய துறைகளுக்குரிய திரட்டுகள் 9705 என்னும் தலைப்பிலும், நூறாண்டைக் கடந்த தொல்பொருள்கள் 9706 என்னும் தலைப்பிலும் வருகின்றன. முன்னைய தலைப்புகளில் அடங்கும் பொருள், நூறாண்டு கடந்ததாயினும் 9706க்குச் செல்லாது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

திரட்டுவோர் விரும்பும் பொருளெல்லாம் இவ்வதிகாரத்துள் அடங்குவதில்லை. சென்ற ஆண்டு ஆலையில் வார்த்த பொம்மை, 'திரட்டுவோர் பதிப்பு' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பினும், சுங்கத்தின் முன் பொம்மையே. அரும்பொருள் எனப்படுவதற்கு வேண்டிய இயல்புகளை ஐரோப்பிய நீதிமன்றம் 1985இல் தெளிவுபடுத்தியது. பொருள் ஓரளவேனும் அரிதாதல் வேண்டும். முதற்பயனுக்கு இயல்பாகப் பயன்படாததாதல் வேண்டும். வழக்கமான வணிகத்திற்குப் புறம்பாகத் தனிமுறையில் விற்கப்படுதல் வேண்டும். உயர்ந்த மதிப்புடையதாதல் வேண்டும். இந்நான்கும் அந்நாடுகளுக்குரிய தீர்ப்பில் கூறப்பட்டனவேயாயினும், சிந்திக்க நல்ல அளவுகோல்களாகும்.

பெயர் மாறினால் தீர்வை எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. சிற்பி பிரான்குசி வடித்த 'வெளியில் பறவை' என்னும் வெண்கலச் சிற்பம் 1926இல் நியூயார்க் துறைமுகத்தை அடைந்தது. கலைப்படைப்புக்குத் தீர்வை இல்லை. ஆனால் சிறகும் அலகுமின்றி வழுவழுப்பாக நின்ற அதனைப் பறவை என்று ஏற்க அலுவலர்க்கு மனம் வரவில்லை. சமையற் கருவிகளும் மருத்துவமனைப் பொருள்களும் அடங்கிய இனத்தில் வைத்து, நூற்றுக்கு 40 விழுக்காடு தீர்வை விதித்தனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. இயற்கையை அவ்வாறே படியெடுப்பது மட்டும் கலையன்று என்று 1928இல் தீர்ப்பு வந்தது. சிற்பம் தீர்வையினின்று விடுபட்டது.

அதே நாட்டில் 2003இல் மற்றொரு விந்தையான தீர்ப்பு வழங்கப்பெற்றது. சித்திரக் கதைகளில் வரும் 'எக்ஸ்-மென்' வீரர்களின் உருவங்கள் மனித உருவப் பொம்மைகளா, பிற விளையாட்டுப் பொருள்களா என்பது வினா. மனிதப் பொம்மைக்குத் தீர்வை கூடுதல், மற்றவற்றுக்குக் குறைவு. அவ்வுருவங்கள் மனிதரைக் குறிப்பன அல்ல என்று நீதிமன்றம் தீர்த்தமையால் இறக்குமதி செய்தவர் பயன் பெற்றார். இவ்விரு வழக்குகளும் உணர்த்தும் உண்மை ஒன்றே. பொருளைப் பற்றிய விளக்கம் தெளிவாக இருத்தல் வேண்டும். 'பழைய தாள்' என்று எழுதுவதற்கும் 'பயன்படுத்தப்பெற்ற அஞ்சல்தலையுடன் கூடிய உறை, பினாங்கு' என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

மதிப்பு யாது?

1962ஆம் ஆண்டு இந்தியச் சுங்கச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பொருளுக்கு உண்மையில் செலுத்திய விலையை மதிப்பீட்டுக்கு அடிப்படையாகக் கொள்கின்றது. அதனுடன் ஏற்றுச் செலவும் காப்பீட்டுச் செலவும் சேரும். 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளின்படி, காப்பீட்டுத் தொகை தெரியவில்லையெனில் பொருள் விலையில் 1.125 விழுக்காடு எனக் கொள்ளப்படும். அயல்நாட்டு நாணயத்தை உரூபாவாக மாற்றுவது, சுங்கத்துறை அறிவிக்கும் மாற்று விகிதப்படியே ஆகும். நம் வங்கி கூறும் விகிதப்படி அன்று.

இந்தியாவில் இம்மதிப்பின் மீது முதலில் அடிப்படைச் சுங்கத் தீர்வை கணக்கிடப்படும். அத்தீர்வையின் மீது 2018 முதல் சமூகநலக் கூடுதல் தீர்வை விதிக்கப்படுகின்றது. இவை அனைத்தையும் கூட்டிய தொகையின் மீது, 2017 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரி சேரும். விகிதங்கள் காலந்தோறும் மாறுவன. பொருளுக்கேற்ப விலக்குகளும் உண்டு. ஆதலின் கணக்கின் போக்கு விளங்குவதற்காக மட்டும் சில விகிதங்களை வைத்துக்கொள்வோம்.

ஏற்றுச் செலவும் காப்பீடும் சேர்ந்த மதிப்பு 12,000 உரூபா என்க. அடிப்படைத் தீர்வை 10 விழுக்காடாயின் 1,200 உரூபா. அதில் பத்தில் ஒரு பங்கு கூடுதல் தீர்வை 120 உரூபா. இப்போது மொத்தம் 13,320. இதன்மீது 5 விழுக்காடு வரி 666 உரூபா. செலுத்த வேண்டியது 1,986 உரூபா. பத்தும் ஐந்தும் பதினைந்து என்று எண்ணியவர் 1,800 உரூபாவோடு வருவார். 186 உரூபா குறையும். தீர்வையின் மீதும் வரி உண்டு என்பதனை மறத்தலே இப்பிழைக்குக் காரணமாகும்.

தனியார் கூரியர் வழியே வரும் பொதிக்கு, தீர்வையை அந்நிறுவனம் முன்னரே செலுத்திப் பின்னர் நம்மிடம் பெறுவதுண்டு. அப்பணிக்குத் தனிக் கட்டணமும் வாங்கும். அது அரசின் வரியன்று, நிறுவனத்தின் கூலி. சிறு விலைப் பொருளுக்குத் தீர்வையினும் இக்கூலி மிகுதலும் உண்டு.

பிறந்த நாடு எது?

பொருளை அனுப்பும் நாடு வேறு. அது உருவான நாடு வேறு. சப்பானில் செய்த பொம்மை இலண்டனிலிருந்து வந்தாலும் அது சப்பானியப் பொருளே. நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கைச் சலுகைகளும் தனித் தீர்வைகளும் பிறந்த நாட்டையே நோக்குவன. சலுகை வேண்டுவோர் அதற்குரிய சான்றிதழையும் பெற்றிருத்தல் வேண்டும்.

'சிறு விலைப் பொருளுக்குச் சுங்கம் இல்லை' என்னும் பழைய நம்பிக்கையும் உலகெங்கும் தளர்ந்து வருகின்றது. 15 பவுண்டு வரையிலான பொருள்களுக்கு இருந்த வரி விலக்கைப் பிரிட்டன் 2021 சனவரியிலும், 22 யூரோ வரை இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலும் நீக்கின. அமெரிக்கா 800 டாலர் வரை வழங்கிவந்த தீர்வை விலக்கை 2025 ஆகஸ்டு 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தி வைத்தது.

அன்பளிப்பு என்னும் திரை

நம் மாணவரை வீழ்த்திய சொல் 'அன்பளிப்பு' என்பதாகும். விலை கொடுத்து வாங்கிய பொருள் அன்பளிப்பு ஆகாது. அன்றியும், வெளிநாட்டிலிருந்து அஞ்சல் அல்லது கூரியர் வழியே அன்பளிப்பு என்று தீர்வையின்றிப் பொருள்களைப் பெறுவதை இந்திய அரசு 2019 டிசம்பரில் தடை செய்தது. உயிர்காக்கும் மருந்துகளுக்கும் இராக்கிக் கயிற்றுக்கும் மட்டுமே விலக்களித்தது. சுங்கச் சட்டத்தின் 111, 112, 125 ஆகிய பிரிவுகள், மதிப்பையோ விவரத்தையோ மாற்றிக் கூறினால் பொருளைப் பறிமுதல் செய்யவும், தண்டம் விதிக்கவும், மீட்புத் தொகை பெற்று விடுவிக்கவும் வழி செய்கின்றன.

பொய்ச் சீட்டினால் விளையும் கேடு தண்டத்தோடு முடிவதன்று. பொதி வழியில் காணாமற்போனால், 5 பவுண்டு என்று குறித்தவர் 85 பவுண்டு இழப்பீடு கேட்க இயலாது. அரும்பொருளின் மதிப்பு அதன் வரலாற்றில் உள்ளது. யாரிடமிருந்து, எப்போது, என்ன விலைக்கு வந்தது என்னும் சான்று அப்பொருளின் ஓர் உறுப்பேயாகும். பின்னாளில் ஒரு நூலகமோ காட்சியகமோ கேட்குமாயின், பொய்யான சீட்டை எவ்வாறு காட்டுவது? ஒரு சிறு தொகையை மிச்சம் பிடிக்கப் பொருளின் பிறப்புச் சான்றையே கெடுத்துவிடுகின்றோம்.

வந்த பொருள் திரும்பிச் செல்லுமா?

தொல்பொருளை வாங்குவோர் மற்றொன்றையும் முன்னரே எண்ணுதல் வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, நூறாண்டு கடந்த சிற்பம், நாணயம் முதலியனவும், இலக்கிய அல்லது வரலாற்று மதிப்புடைய எழுபத்தைந்தாண்டு கடந்த கையெழுத்துச் சுவடிகளும் தொல்பொருள்களாம். இவற்றைத் தனியார் நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்தல் இயலாது. எனவே 'பிடிக்காவிடில் திருப்பி அனுப்பிவிடலாம்' என்ற துணிவில் வாங்குதல் அறிவுடைமையாகாது. விற்பவர் அப்பொருளை நேரிய வழியில் பெற்றவர்தாமா என்பதனையும் கேட்டறிதல் வேண்டும். களவாடப்பெற்ற பண்பாட்டுப் பொருள்களின் வணிகத்தைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையை இந்தியா 1977இல் ஏற்றுள்ளது.

வாங்குவோர் கடைப்பிடிக்கத்தக்கன

பணம் செலுத்துமுன் பொருளின் விலையோடு அஞ்சற் செலவு, காப்பீடு, தீர்வை, கூரியர் கூலி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தல் முதற்கடன். அத்தொகை கையில் இல்லையெனில் பொருளும் நமக்கில்லை என்று கொள்க. விற்பனையாளரிடம் பெயர், காலம், உருவான நாடு, உண்மை விலை ஆகியன குறித்த விலைச்சீட்டைப் பெறுக. அஞ்சற் பொதியில் ஒட்டும் சி.என். 22 அல்லது சி.என். 23 என்னும் சுங்கப் படிவத்திலும் அவையே இருக்குமாறு எழுதிக் கேட்டுக்கொள்க. பணம் செலுத்திய சான்றின் படியைப் பாதுகாத்து வைக்க. தீர்வைச் சீட்டு வந்தால், எந்தத் தலைப்பில் பொருள் வைக்கப்பட்டுள்ளது என்று பார்க்க. தவறெனத் தோன்றின் அறுபது நாள்களுக்குள் சுங்க மேல்முறையீட்டு ஆணையரிடம் முறையிட உரிமை உண்டு. உண்மைச் சீட்டு உடையவரே அவ்வுரிமையைத் துணிந்து பயன்படுத்த முடியும்.

முடிவுரை

தீர்வை மிகுதி என்று வருந்துதல் தவறன்று. அதனைக் குறைக்குமாறு கேட்பதும் குடிமக்களின் உரிமையே. ஆயின் அது பொதியின் மேலொட்டும் சீட்டில் நிகழ்த்தற்குரிய வழக்கன்று.

அவ்வுறை இன்றும் அம்மாணவரிடம் உள்ளது. அவர் இப்போது வேறோர் ஊரில் ஆசிரியப்பணி புரிகின்றார். அண்மையில் மற்றொரு கடிதம் வாங்கியபோது, உண்மை விலை குறித்த சீட்டையும் தீர்வை செலுத்திய சீட்டையும் கடிதத்தோடு ஒரே உறையில் வைத்து நம்மிடம் காட்டினார். "ஐயா, இம்முறை தங்களைக் கேட்கவில்லை" என்றார். அச்சொல்லில் இருந்த பாடத்தை நாம் மகிழ்வோடு ஏற்றுக்கொண்டோம்.